எல்கேஜி டீச்சருக்கு டிப்ளமோ தேவையா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: நான் பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் ஊர் நர்சரி பள்ளியில் நான்கு வருடமாக எல்கேஜி எடுக்கிறேன், வகுப்பில் 42 பிள்ளைகள். ஜூன் மாதத்துக்குள் 'மாண்டிசோரி டிப்ளமோ' முடித்துவிடுங்கள் என்று கரஸ்பாண்டென்ட் சொல்கிறார், எந்த சென்டரில் சேர வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். ஆறு மாதம், 28,000 ரூபாய், 'மத்திய அரசு அங்கீகாரம்' என்கிறார்கள். நாலு வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்குப் பயிற்சி புதிதாக என்ன கொடுத்துவிடும்? சேரலாமா?

பதில்: சகோதரி, இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். சென்டர் பற்றிப் பிறகு சொல்கிறேன். பயிற்சி புதிதாக என்ன கொடுக்கும் என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிப்ளமோ டிப்ளமோ என்று அலைகிறவர்களில் அதைக் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் ஒரு பையன் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பான். பத்து புளியங்கொட்டையைப் பரப்பி அவனை எண்ணச் சொல்லிப் பாருங்கள். பதினாலு என்பான். 'தப்பு, முதலிலிருந்து சொல்லு' என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அவனும் மறுபடி ஒப்பிப்பான், இந்தத் தடவை பன்னிரண்டு வரும். பயிற்சி பெற்ற டீச்சர் அப்போது அவன் வாயைப் பார்க்க மாட்டார், விரலைப் பார்ப்பார். விரல் ஒரு கொட்டையிலேயே நிற்க, வாய் இரண்டு எண் தாண்டிப் போயிருக்கும். எண் வரிசை அவனுக்கு நன்றாகவே தெரியும், ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பழைய முட்டை அட்டை ஒன்றைக் கொடுத்து, குழிக்கு ஒரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே எண்ணச் சொன்னால் சில நாளில் சரியாகிவிடும். அப்புறம் 'இதிலிருந்து அஞ்சு எடுத்துக் கொடு' என்று கேட்பார். சில பிள்ளைகள் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அடுத்த படி, அது தானாக வருவதில்லை.

நல்ல பயிற்சி செய்கிற மாற்றம் இதுதான். பிள்ளை தப்பாகச் சொன்னால் எதனால் சொன்னது என்று பார்க்க வைக்கும். மூன்றரை வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடிப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்த டீச்சர், அந்தக் கைக்கு இன்னும் பலம் வரவில்லை என்று புரிந்துகொண்டதும் நாலுகோடு நோட்டை மூடிவைத்துவிட்டு, களிமண் உருட்டவும் காகிதம் கிழிக்கவும் விடுவார். கடிக்கிற பிள்ளையை மூலையில் நிறுத்தும் முன், பேச வார்த்தை வராத கோபமா, தூக்கமா, பசியா என்று பார்ப்பார்.

பேச்சிலும் மாற்றம் வரும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்ட டீச்சர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான், உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவிவிட்டார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தன. எல்கேஜி பிள்ளைக்கு அதைவிடவும் நேரம் வேண்டும், அதுவும் வீட்டில் தமிழ் பேசிவிட்டு வரும் பிள்ளையை 'வாட் கலர் இஸ் திஸ்' என்று கேட்கும்போது. நாளைக்கே மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பாருங்கள். இதற்கு யாருக்கும் 28,000 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

உங்கள் நாலு வருட அனுபவம் வீண் என்று நான் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தவும், 42 பேரை வரிசையில் கைகழுவ வைக்கவும் அது கற்றுக்கொடுத்திருக்கும், அதை எந்த கோர்ஸும் கொடுக்காது. ஆனால் பயிற்சி இல்லாமல் வகுப்புக்குள் போகிறவர்கள், தாங்கள் படித்தபோது தங்கள் டீச்சர் எப்படிச் சொல்லிக் கொடுத்தாரோ அப்படியேதான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்றாம் வகுப்பை இரண்டு வருடம் முன்னால் இழுத்துக்கொண்டு வந்து எல்கேஜி என்று பெயர் வைத்திருக்கிறோம். அனுபவம் கூடக்கூட அந்தப் பழக்கமும் இறுகும்.

சரி, இப்போது சென்டருக்கு வருகிறேன்.

'மத்திய அரசு அங்கீகாரம்' என்றால் எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ சான்றிதழைக் காட்டுவார்கள், அது கோர்ஸுக்கு அரசு கொடுக்கிற அங்கீகாரமே இல்லை. நிதி ஆயோக் என்று போர்டில் போட்டிருப்பார்கள், தொண்டு நிறுவனங்கள் விவரம் பதிகிற அதன் தர்ப்பண் தளத்தில் அவர்கள் அறக்கட்டளை பெயரைப் பதிந்திருப்பார்கள், அவ்வளவுதான். சிறு குறு தொழில் பதிவுச் சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள், மாவு மில்லுக்கும் அதே சான்றுதான். ஆசிரியர் பயிற்சியை அங்கீகரிக்கிற அதிகாரம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு, அதாவது என்சிடிஇக்குத்தான் உண்டு. அது ஏற்கிற முன்பருவக் கல்வி டிப்ளமோ, டிபிஎஸ்இ என்பார்கள், இரண்டு வருடப் படிப்பு, ப்ளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆறு மாதத்தில் அது வராது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் என்சிடிஇ இணையதளத்திலேயே இருக்கிறது, அதில் பெயர் இல்லையென்றால் 'அப்ளை பண்ணியிருக்கோம் மேடம், அடுத்த மாசம் வந்துடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இன்னொரு தந்திரம் இப்போது புதிதாக ஓடுகிறது. தேசிய கல்விக் கொள்கை 2020 ஆறு மாதச் சான்றிதழ் போதும் என்று சொல்லிவிட்டது என்பார்கள். அந்தக் கொள்கை சொல்வது ஏற்கெனவே வேலையில் இருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு: ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஆறு மாதம், அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருடம். பஸ் ஸ்டாண்டு மாடியில் நடக்கிற கோர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கரஸ்பாண்டென்ட் ஒரு குறிப்பிட்ட சென்டரையே சொல்கிறார் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கமிஷன் போகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சில பள்ளிகள் ஒரு படி மேலே போய், கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம் என்று சொல்லி மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், கூடவே மூன்று வருடம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டுவார்கள். உங்கள் டிகிரி சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், சரிபார்க்க வேண்டுமென்றால் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கட்டும். நல்ல டீச்சர் ஒருத்தர் கூடுதலாக 2,000 ரூபாய் கிடைக்கும் பள்ளிக்குப் போக முடியாமல் அழுததைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்சிடிஇ பட்டியலில் இல்லாத எல்லாமே போலி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாண்டிசோரி விஷயத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சாதனங்களைத் தாங்களே கையாண்டு கற்கும் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரே 1939ல் சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபைக்கு, வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார், சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். உலகப்போர் நேரம், அவர் இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை, கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பிள்ளைகளைக் கவனித்தார். நம் ஊருக்கு இந்த முறை நேராக அவரிடமிருந்தே வந்தது. அவர் 1929ல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பயிற்சி இன்றும் நடக்கிறது, சென்னையிலும் உண்டு. அதை வைத்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, ஆனால் உண்மையான பயிற்சி. ஒவ்வொரு சாதனத்தையும் கையில் எடுத்துப் பழக வேண்டும், அதை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தன் கைப்படக் குறிப்பேடு எழுத வேண்டும், வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும், கடைசியில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. கட்டணமும் அதற்கேற்ப அதிகம், 28,000க்குள் அடங்காது. சிக்கல் என்னவென்றால் மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆள் இல்லை. நீங்கள் அந்த சென்டருக்குப் போய் மாண்டிசோரி வகுப்பின் அடிப்படைச் சாதனங்களான இளஞ்சிவப்பு கோபுரமும் மணல்தாள் எழுத்துகளும் எங்கே என்று கேளுங்கள். 'பிடிஎஃப்ல எல்லாம் இருக்கு மேடம்' என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

எந்தப் பயிற்சியானாலும் நான் பார்ப்பது இரண்டு. பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எத்தனை நாள் உங்களை விடுவார்கள்? நீங்கள் பாடம் எடுக்கும்போது அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து பார்த்து, அப்புறம் உங்களோடு அதைப் பற்றிப் பேசுவாரா? இரண்டாவது இல்லையென்றால் எவ்வளவு நல்ல பயிற்சியும் தங்காது. மூன்று நாள் பயிலரங்கு முடித்துவிட்டு வந்த திங்கட்கிழமை பொம்மலாட்டம், பாட்டு, கதை என்று வகுப்பு அமர்க்களப்படும், மாதக் கடைசியில் மறுபடி 'ஏ ஃபார் ஆப்பிள்' கோரஸ்தான். டீச்சர் மேல் தப்பில்லை. கேட்க ஆளில்லாமல் தனியாக ஒரு புதிய பழக்கத்தை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

அரசு தரப்பிலும் இதே கதைதான், சொன்னால் கோபம் வருகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு வயதிலிருந்து பதினாலு வரைதான். மூன்று முதல் ஆறு வயதுக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்று ஒரு பிரிவு, 'செய்ய வேண்டும்' என்று இல்லை. 2019ல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள், நல்ல காரியம், ஆனால் அனுப்பியது உபரி இடைநிலை ஆசிரியர்களை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குப் பயிற்சி பெற்றவர்கள், விருப்பமும் இல்லாமல் வந்தவர்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யார் வந்தாலும் போதும் என்ற நினைப்பு மேலே இருப்பவர்களுக்கு எப்போது போகும்?

42 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2013ல் மத்திய அரசு கொண்டுவந்த முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு வயதில் 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிறது. புளியங்கொட்டை எண்ணுகிற விரலை 42 பேரிடம் பார்க்க எந்தப் பயிற்சி பெற்றவராலும் முடியாது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர் குழுவினரும் நம் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதி மையங்களுக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, ஒன்றரை வருடத்தில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின, பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடுகூடக் குறைந்தது. அதனால் கரஸ்பாண்டென்ட் உண்மையிலேயே தரம் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால், ஆயாம்மாவைக் காலை இரண்டு மணி நேரம் உங்கள் வகுப்பிலேயே இருக்கச் சொல்லட்டும். அவர் பிள்ளைகளை விளையாட்டில் வைத்திருக்கும்போது நீங்கள் எட்டுப் பேரை மட்டும் சுற்றி உட்காரவைத்து வேலை செய்யுங்கள், நாள் ஒரு குழு.

பெற்றோர் பக்கம் இடி வரும், தயாராக இருங்கள். 'நோட்டு காலியா இருக்கே மிஸ்' என்பார்கள். ஆப்பிரிக்க நாடான கானாவின் அக்ரா பகுதியில் 240 பள்ளிகளில் நடந்த ஆய்வில், பயிற்சியும் வகுப்புக்கே வந்து வழிகாட்டலும் பெற்ற டீச்சர்களின் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் அதோடு பெற்றோர் கூட்டமும் சேர்த்து நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் காணாமல் போனது. நடத்தியவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. கூட்டம் போட்டு உரையாற்றினால் பெற்றோர் மாறிவிடுவார்கள் என்று நானும் நம்புவதில்லை. அவர்கள் பிள்ளையை மட்டும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அஞ்சு கொட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

ஆக, இந்த ஆறு மாத கோர்ஸ் வேண்டாம். இந்தத் துறையிலேயே இருக்கப் போகிறீர்கள், குடும்பமும் ஒத்துழைக்கும் என்றால் இரண்டு வருட டிப்ளமோ செய்யுங்கள், அல்லது பணம் சேர்த்து உண்மையான மாண்டிசோரிப் பயிற்சிக்குப் போங்கள். அதுவரை யூகேஜி எடுக்கும் சக டீச்சரோடு பேசி, வாரம் ஒருநாள் அரைமணி நேரம் அவர் உங்கள் வகுப்பில் உட்காரட்டும், அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்பில். பார்த்ததை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், டீச்சரைப் பற்றி அல்ல, ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும். கரஸ்பாண்டென்ட் மறுபடி கேட்டால், அந்த சென்டரின் என்சிடிஇ அங்கீகார ஆணையின் நகலை வாங்கித் தரச் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்து அதோடு பேச்சு நின்றுவிடும்.