பதில்: போர் அறிவிக்காமலே வியட்நாம் போர் நடந்தது எப்படி?

"அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் போரை அறிவிக்க வேண்டும், அறிவிக்கவில்லை, அதனால் வியட்நாம் போர் சட்டவிரோதம்" என்று எழுதிய பத்தியை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார் என்றீர்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அறிவிப்பு வேறு, அனுமதி வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. வியட்நாமுக்கு 1964 ஆகஸ்டில், அதிபர் படைபலத்தைப் பயன்படுத்த இடம் தரும் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதைத்தான் அதிபர் ஜான்சன் அனுமதியாகக் காட்டினார். உங்கள் வாதத்துக்கு உண்மையில் பொருந்துவது கொரியப் போர். 1950இல் அதிபர் ட்ரூமன் காங்கிரஸிடம் போகவே இல்லை, ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானங்களைக் காட்டி, 'போலீஸ் நடவடிக்கை' என்று சமாளித்தார். மூன்று ஆண்டு நடந்த போலீஸ் நடவடிக்கை!

இன்னொன்று: 1787இல் அரசியல் சாசன வரைவில் காங்கிரஸுக்குப் போரை 'நடத்தும்' அதிகாரம் என்றிருந்ததை 'அறிவிக்கும்' என்று மாற்றினார்கள். திடீர்த் தாக்குதல் வந்தால் அதிபர் தடுக்க இடம் வேண்டும் என்பது காரணம். காங்கிரஸ் அறிவிப்பதற்கும் அதிபர் தடுப்பதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் சர்ச்சையே.

அப்புறம், 1973 போர் அதிகாரத் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள். அதிபர் நிக்சனின் வீட்டோவை (மறுப்பை) மீறி வந்தது. அதிபர் படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிக்கை. அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், திரும்பப் பெற மேலும் 30 நாள் தரலாம். 2011இல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது, அங்கே நடப்பது சட்டம் சொல்லும் 'சண்டை' அல்ல என்றது ஒபாமா அரசு. உங்கள் பத்தியை இங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.