ரூதர்ஃபோர்டும் ஈயத்தின் மூன்று கோடுகளும்

வணக்கம் ஐயா,

மருந்து கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அணுக்களை அவற்றின் நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) வேலை பார்க்கிறேன். ரூதர்ஃபோர்டு பற்றிய உங்கள் கட்டுரையில் தங்கத் தகடு, அணுக்கரு, நைட்ரஜனை உடைத்தது எல்லாம் வந்தது. என் கருவிக்கு முன்னோடியைச் செய்த ஆஸ்டனும் ரூதர்ஃபோர்டு இருந்த அதே கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்துக்காரர்தான் என்கிறார்கள். ஒரே கட்டடத்தில் இருந்தார்கள் என்பதைத் தாண்டி இருவர் வேலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு, அதுவும் நல்ல ஆழமான தொடர்பு. ரூதர்ஃபோர்டு என்றதும் எல்லோரும் தங்கத் தகட்டோடு நின்றுவிடுவதில் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம், ஏனென்றால் அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1929-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய ஒரு சின்னக் கடிதம். ஆஸ்டனின் கருவி இல்லாமல் அதை அவர் எழுதியிருக்கவே முடியாது.

ஆஸ்டன் உண்மையில் ஜே. ஜே. தாம்சனிடம் உதவியாளராக இருந்து வந்தவர். கேவண்டிஷின் தலைவராகத் தாம்சனுடைய இடத்துக்கு ரூதர்ஃபோர்டு வந்த அதே 1919-இல்தான் ஆஸ்டனுடைய முதல் கருவியும் ஓடத் தொடங்கியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்டனிலிருந்த பிகாட் என்பவர் நார்வே நாட்டு யுரேனியக் கனிமமான புரோகரைட்டிலிருந்து கிடைத்த ஈயத்தை எளிதில் ஆவியாகும் சேர்மமாக மாற்றி ஆஸ்டனுக்கு அனுப்பிவைத்தார். ஆஸ்டனின் புகைப்படத் தகட்டில் 206, 207, 208 என்ற நிறைகளில், ஈய அணுவின் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாக, மூன்று கோடுகள் விழுந்தன. நீங்கள் மருந்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும்போது கூட்டிக்கொள்ளும் அதே மூன்றுதான். விகிதம் 86.8, 9.3, 3.9.

206 யுரேனியம் சிதைந்து வந்தது, 208 தோரியத்திலிருந்து வந்தது, இதெல்லாம் அப்போதே தெரியும். 207 எங்கிருந்து வந்தது? சாதாரண ஈயம் கொஞ்சம் கலந்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். ஆனால் சாதாரண ஈயத்தில் இந்த மூன்றும் ஏறத்தாழ 4:3:7 என்று ஆஸ்டன் முன்பே அளந்து வைத்திருந்தார், அதாவது 208, 207-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கனிம ஈயத்தில் அப்படியே தலைகீழ், 207தான் 208-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கலப்படம் என்று சொல்ல வழியே இல்லை.

ரூதர்ஃபோர்டு இந்த எண்களை எடுத்துக்கொண்டு, 207 ஆக்டினியம் வரிசையின் (ஒன்று சிதைந்து இன்னொன்றாகிக்கொண்டே போகும் கதிரியக்கத் தொடர்களில் ஒன்று) கடைசிப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த வரிசையில் ஏழு ஆல்ஃபா துகள்கள் வெளியேறுகின்றன, ஒவ்வொன்றுக்கும் நிறை 4. ஏழு நாலு இருபத்தெட்டு, அதோடு 207-ஐக் கூட்டினால் 235. ஆகவே 235 நிறையுள்ள யுரேனியம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்! அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. 1931-இல் ஆஸ்டனே யுரேனியத்தைக் கருவியில் ஏற்றியபோதுகூட 238 மட்டும்தான் தெரிந்தது. ஒரு கூட்டல் கணக்கில் யுரேனியம்-235 பிடிபட்டது என்பதை இன்றைக்கும் என்னால் வியக்காமல் படிக்க முடிவதில்லை.

அவர் அத்தோடு விடவில்லை. 235 வேகமாகச் சிதைகிறது, 238 மெதுவாகச் சிதைகிறது, அதனால்தான் இன்றைக்கு 235 இவ்வளவு அரிது. காலத்தில் பின்னால் போகப் போக அதன் பங்கு ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் இரண்டும் சம அளவில் உருவாகியிருந்தால், பூமிக்கு 340 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது இருக்க முடியாது என்று கணக்குப் போட்டார். யுரேனியம் சூரியனில் உருவாகிறது என்று அதே கடிதத்தில் அவர் சொன்னது தவறு, அவர் சொன்ன வயதும் குறைவுதான். ஆனால் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு யுரேனியக் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழி சரியானது, அது நிலைத்துவிட்டது.

அப்புறம் நடந்ததும் உங்கள் கருவியின் கதைதான். 1935-இல் சிகாகோவில் டெம்ப்ஸ்டர் 235-ஐ நேரடியாகவே கண்டுபிடித்தார், அப்போது ரூதர்ஃபோர்டு உயிரோடு இருந்தார், 1937-இல்தான் இறந்தார். சில ஆண்டுகளில் ஆல்ஃபிரெட் நீர், 139 யுரேனியம்-238 அணுக்களுக்கு ஒரு 235 அணு என்ற விகிதத்தை அளந்தார். 1940 பிப்ரவரி கடைசியில் அவரே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால் கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய அளவு 235-ஐப் பிரித்தெடுத்து, அது படிந்த தகட்டை ஒரு கடிதத்தின் ஓரத்தில் ஒட்டி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் அனுப்பினார். மெதுவான நியூட்ரான் பட்டால் பிளவது 235தான் என்று அங்கே உறுதியானது. அணுகுண்டு பக்கம் போன கிளை அது.

இன்னொரு கிளை பூமியின் வயதுக்குப் போனது. அமெரிக்கப் புவிவேதியியலாளர் பேட்டர்சன் விண்கற்களிலிருந்த ஈயத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து, 206-உம் 207-உம் எந்த விகிதத்தில் கூடியிருக்கின்றன என்று பார்த்து, 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.