பேஸ்மென்ட் யன்னலை மூடிவிடாதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு வந்து, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில், வீட்டின் நிலக்கீழ் தளத்தில், இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் விடியக் காகம் கரைந்து எழுப்பும், இங்கே கண்ணாடிக்கு அங்கால் ஒரு உயிரும் இல்லை, இத்தனை வருசம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். குளிருக்காக யன்னலில் போர்வை தொங்கவிட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். முதலில் அந்தப் போர்வையைக் கழற்றுங்கள். நெருப்புப் பிடித்தால் வெளியேற அந்த யன்னல் தேவைப்படலாம், அது ஒரு காரணம். குளிர் தாங்க முடியாவிட்டால் யன்னலுக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் கடையில் விற்கிறார்கள். உட்பக்கச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிர் காயவைக்கிற டிரையரால் சூடு காட்டினால் சுருக்கம் எல்லாம் போய்விடும். வெளியே தெளிவாகத் தெரியும், தேவையென்றால் கிழித்துக்கொண்டு வெளியேறவும் முடியும்.

நான் வந்து இறங்கியது 1993 டிசம்பரில். மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு உயர்ந்த கட்டடத்தில் பதினோராவது மாடி. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். அந்த மாதக் கடைசியில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான். யன்னலால் பார்த்தால் கார் நிறுத்துகிற இடமும் இலையில்லாத நாலு மரமும். அம்மா ஒரு கிழமை அந்த யன்னலுக்குக் கிட்டவே போகவில்லை. உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது எனக்கு அம்மாவின் முதுகுதான் கண்ணுக்குள் வந்தது.

அடுத்த வருசம் புரட்டாதிச் சனி வந்தது. விரதச் சோற்றைக் காகத்துக்கு வைக்காமல் அம்மா வாயில் ஒன்றும் வைக்கமாட்டா. பல்கனிக் கம்பியோரம் ஒரு தட்டில் எள்ளுச் சோறு வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடிக்குப் பின்னால் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டா. அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஏரிப் பக்கமிருந்து ஒரு கடற்காகம், வெள்ளையும் சாம்பலுமாக, வந்து இறங்கித் தட்டைத் துடைத்துவிட்டுப் போனது. எனக்கு மனம் பதறியது, அம்மா என்ன சொல்லுவாவோ என்று. அம்மா கையைக் கழுவிக்கொண்டு, "இந்த ஊரிலை பசிச்சு வந்தது இதுதானே, பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட இருந்தா. அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் யன்னலுக்குக் கிட்ட ஒரு கதிரை வந்தது.

இதை வாசித்துவிட்டு நீங்களும் சோறு வைத்துவிடாதீர்கள். அது அன்று. இப்போது ரொறன்ரோ நகரசபை விதிப்படி காட்டு விலங்குகளுக்குத் தீனி வைக்க முடியாது. உயரத் தொங்கவிட்டுச் சுத்தமாக வைத்திருக்கிற குருவித் தீன்கூட்டுக்கு மட்டும்தான் விலக்கு இருக்கிறது. உங்கள் இடத்தில் அதற்கும் வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யுங்கள். நிலத்தில் சோறு கிடந்தால் எலி வரும், இரவில் குப்பை கிண்டுகிற ரக்கூன் என்ற விலங்கும் வரும். ரக்கூனின் கை மனிதக் கை மாதிரி, மூடியைத் திறக்கும், கொக்கியை விலக்கும். அதற்காகவே 2016இல் நகரசபை சாப்பாட்டுக் குப்பை போடுகிற, பூட்டு வைத்த புதுப் பச்சைத் தொட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும் கிட்டப் போகவேண்டாம், விசர்நோய் அதற்கும் வரும்.

இனி உங்கள் யன்னலுக்கு வருகிறேன். மேல்மாடியில் இருக்கிறவர்களுக்கு வானமும் பருந்தும். உங்களுக்குக் கிடைத்திருப்பது நிலம். பேஸ்மென்ட் யன்னல் புல்லின் மட்டத்தில் இருக்கிறது, உங்கள் கண்ணும் முயலின் கண்ணும் ஒரே உயரம். பிறகு நாங்கள் வீடு வாங்கி, மாடியில் படுத்த காலத்திலும், பனி கொட்டிய மறுநாள் காலமை நான் கீழே பேஸ்மென்டுக்குத்தான் இறங்கிப் போவேன். இரவு முழுக்க யார் யார் வந்து போனார்கள் என்று அந்த வெள்ளையில் எழுதியிருக்கும். முயல் பாய்ந்தால் சின்ன முன்னங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவும், பெரிய பின்னங்கால் இரண்டும் அவற்றுக்கு முன்னாலேயும் விழும். அதனால் பெரிய தடம் இருக்கிற பக்கம்தான் அது போன பக்கம். எனக்கு இது பிடிபட இரண்டு குளிர்காலம் எடுத்தது, அதுவரை எல்லா முயலையும் பின்னோக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அணிலின் தடத்தில் முன்னங்கால்கள் பக்கம் பக்கமாக இருக்கும், தடம் ஒரு மரத்தடியில் சட்டென்று முடிந்துபோகும். ரக்கூனுடையது சின்னப் பிள்ளை கை ஊன்றிப் போனது போல.

அணில் என்றதும் சொல்லவேண்டும். கறுப்பு அணிலைப் பார்த்து வேறு சாதி என்று நினைப்பீர்கள். கறுப்பும் சாம்பலும் ஒரே இனம், ஒரே வயிற்றில் இரண்டும் பிறக்கும். அது குளிர்காலம் முழுவதும் வெளியே திரியும், இலையுதிர் காலத்தில் புதைத்து வைத்ததைப் பனிக்குள் மணந்து கிண்டி எடுக்கும். முதுகில் கோடு போட்ட, எங்கள் ஊர் அணிலை உரித்து வைத்தது போன்ற சிப்மங்க் ஒன்றும் உண்டு. இப்போது அது மண்ணுக்குள் வளையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இளவேனிலில் வரும்போது எனக்கு அறிவியுங்கள், அதைக் கண்டு அழாத எங்கள் ஆட்களை நான் காணவில்லை.

குருவிகளில் முதலில் உங்கள் கண்ணில் படுவது ஜங்கோவாக இருக்கும். முதுகு கரும்பலகை நிறம், வயிறு வெள்ளை, நிலத்தில்தான் பொறுக்கும். வடக்கே குளிர் இன்னும் கடுமையாக இருப்பதால் அது இங்கே வந்து தங்குகிறது. உங்களைக் குளிர வைக்கிற இந்த இடம் அதற்குத் தெற்கு. பனிக்குள் நெருப்புத்துண்டு மாதிரிச் சிவப்பாக, கொண்டையோடு ஒன்று இருந்தால் அது ஆண் கார்டினல். எங்கும் போகாமல் வருசம் முழுக்க இங்கேயே இருக்கும். பெப்ரவரியில், பனி இன்னும் முழங்கால் மட்டில் கிடக்கும்போதே, பாடத் தொடங்கிவிடும். நாள்காட்டியை விட அந்தக் குரலைத்தான் நான் நம்புகிறேன். மார்ச்சில் ரொபின் வந்து புல்லில் புழு இழுக்கும், வாத்துக்கூட்டம் அம்பு வடிவில் கத்திக்கொண்டு மேலே போகும்.

காகமும் இருக்கிறது, தங்கச்சி. ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல், இதற்கு முழுக் கறுப்பு, குரலும் கொஞ்சம் தடிப்பு. காலமை பஸ்ஸுக்கு நிற்கும்போது விளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குருவிக்குக் கண்ணாடி தெரியாது, அதில் வானமும் மரமும் தெரிந்தால் அது பறந்து போகிற இடம் என்று நினைத்து மோதும். ரொறன்ரோவில் 1993 முதல் ஃபிளாப் என்ற அமைப்பு இதற்காகவே வேலை செய்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் குருவி விலகிப்போகும். மோதி விழுந்ததைக் கண்டால் தண்ணீர் பருக்காதீர்கள். காற்றுப் போகிற கடதாசிப் பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட்டு, காயப்பட்ட காட்டு உயிர்களைப் பராமரிக்கிற ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டருக்கு அறிவியுங்கள். யன்னலுக்கு வெளியே தகரம் வளைத்த குழி இருந்தால் அதையும் இடைக்கிடை எட்டிப் பாருங்கள், தேரை விழுந்து ஏற முடியாமல் கிடக்கும்.

அம்மா போய் ஆறு வருசம். அந்தக் கதிரை இந்த வீட்டிலும் யன்னலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, புரட்டாதிச் சனிகளில் சோறு வைக்காமல் அதில் போய் இருந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

பனி கொட்டினால் மறுநாள் யாரும் வழித்துவிட முன்னம் எழும்பிப் பாருங்கள். முயல் எந்தப் பக்கம் போனது என்று எனக்கு எழுதுங்கள்.