தனி டம்ளர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜெர்மனில கெம்னிட்ஸ்ல எம்எஸ் படிக்கறேன். ஒன்றரை வருஷம் கழிச்சு போன மாசம்தான் மதுரைக்கு போயிருந்தேன். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு அம்மா தனி டம்ளர்லதான் காபி குடுப்பாங்க, அது கொல்லப்பக்க ஜன்னல்லயே இருக்கும், சின்ன வயசுலேர்ந்து பாக்கறதுதான் ஆனா இந்த தடவைதான் கண்ணுல பட்டுச்சு. கேட்டேன், பெரிய சண்டை. "விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்ல ஒரு வருஷ செலவுக்குன்னு 11,904 யூரோ போட வீட்டுப் பத்திரத்தை வெச்சது இதை கேக்கத்தானா"ன்னு அம்மா அழுதுட்டாங்க. இங்க சனி ஞாயிறு ஒரு ஓட்டல்ல ரூம் கிளீனிங் பாக்கறேன் (வீட்ல தெரியாது, கேஷியர்னு சொல்லி வெச்சிருக்கேன்), எனக்கு யாரும் தனி கப் குடுக்கலையே சார். நான்தான் ரொம்ப மாறிட்டேனா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

கடிதத்துலயே முக்கியமான வரியை கொண்டுபோய் அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டீங்களே. ஏன் கேஷியர்?

நான் 2009ல ஜெர்மனில ஆஹன்ல படிச்சப்போ வருஷத்துக்கு 90 முழு நாள்தான் வேலை பாக்க விடுவாங்க, இப்ப உங்களுக்கு 140. அதுல பாதி நாள் ஒரு ஆபீஸ் கட்டடத்துல டாய்லெட் கழுவினேன். முதல் நாள் மூக்குல கர்ச்சீப்பை கட்டிக்கிட்டு பிரஷ்ஷோட நுனியை பிடிச்சு எட்ட நின்னு தேய்ச்சிட்டிருந்தேன், கூட வேலை பாத்த துருக்கிக்கார அம்மா பாத்துட்டு சிரிச்சாங்க, அப்புறம் கலர் கலரா துணியை எடுத்து காட்டி சிவப்பு டாய்லெட்டுக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, நீலம் மேஜைக்குன்னு கையாலயே சொல்லிக் குடுத்தாங்க, மாத்தி எடுத்தா அவ்ளோதான், முறைப்பாங்க பாருங்க. அந்த ஊர்ல அது கத்துக்கற தொழில். கட்டடம் சுத்தம் பண்றதுக்கு மூணு வருஷ அப்ரென்டிஸ்ஷிப் இருக்கு, மேல போனா மாஸ்டர் ஆகலாம். 2025ல பொதுவான மினிமம் சம்பளம் மணிக்கு 12.82 யூரோ, கிளீனிங் தொழிலுக்கு மட்டும் 14.25. அதுக்காக ஜெர்மன்காரங்க எல்லாம் மகாத்மா இல்ல, அங்கயும் பிரஷ் பிடிக்கறதுல நிறைய பேர் வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கதான்.

இவ்ளோ பாத்துட்டும் வீட்ல நான் சொன்னது லைப்ரரில வேலைன்னு. காலேஜ்ல படிக்கறப்போ இரட்டைக் குவளையை எதிர்த்து மேடை ஏறி பேசுன ஆளு நான்! போன்ல அம்மா "புஸ்தகமெல்லாம் படிக்க விடுவாங்களாடா"ன்னு கேக்கறப்போ ம்ம்னு சொல்லிட்டு விரலை மோந்து பாத்துப்பேன்.

மாறிட்டேனான்னு கேட்டா, பாதி மாறியிருக்கீங்க. டம்ளரை பத்தி பேசறதுல தப்பு அம்மா மேல, நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நான் ஓட்டல்ல கக்கூஸ் கழுவறேம்மான்னு சொல்லணும்னா மட்டும் தொண்டை அடைக்குது. இன்னொண்ணு, நமக்கு கிளவுஸை கழட்டுனா அந்த வேலையும் கையோட போயிடும், நாம திரும்ப எம்எஸ் ஸ்டூடன்ட். அந்த அக்காவுக்கு அப்படி கழட்ட முடியாது, டம்ளர் அவங்க பாக்கற வேலைக்காக மட்டும் வெச்சதில்ல, ஜாதிக்காக வெச்சது, அது உங்களுக்கும் தெரியும் அம்மாவுக்கும் தெரியும். அதனால உங்க ஓட்டல் கப்பையும் அந்த டம்ளரையும் ஒண்ணா வெச்சு பேசாதீங்க.

ஆனா வேலையை சொல்லிடுங்க. கேஷியரா இருந்துக்கிட்டு இந்த சண்டையை போடாதீங்க.

நான் சொன்னது மூணு வருஷம் கழிச்சு. அம்மா ஒரு வாரம் போனே எடுக்கலை. எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "கைக்கு கிளவுஸாவது குடுத்தாங்களாடா?" குடுத்தாங்கம்மான்னேன். அடுத்த தடவை ஊருக்கு போனப்போ எங்க வீட்டு அக்கா கைல மஞ்சள் ரப்பர் கிளவுஸ், அம்மா வாங்கி குடுத்ததாம். காபி டம்ளர் அப்பவும் ஜன்னல்லதான் இருந்துச்சு.