கண்ணம்மாவின் நிறம்

வணக்கம். விஜய் தொலைக்காட்சியின் 'பாரதி கண்ணம்மா' தொடரில் நாயகியின் முகத்தில் கருமை பூசப்பட்டதைக் குறை கூறி நீங்கள் எழுதியதைப் படித்து வருந்தினேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பள்ளியில் "கருப்பி" என்றுதான் அழைப்பார்கள். கண்ணம்மாவைப் பார்த்த பிறகுதான் அவள் தன் நிறத்தைப் பற்றி வீட்டில் வாய் திறந்து பேசினாள். நடிப்பு என்றாலே வேடம்தானே, அதில் என்ன குற்றம்? கண்ணம்மா கைப்பையுடன் நடந்தபோது ஊரே கேலி செய்தது, நான் அழுதேன். இப்போது பழைய எபிசோடுகளை மகள் மீண்டும் பார்க்கிறாள். பார்க்க விடலாமா, கூடாதா?

— ஒரு வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் வாய் திறந்து பேசினாள் என்பதைவிடப் பெரிய நன்மையை ஒரு தொலைக்காட்சித் தொடரிடமிருந்து நான் எதிர்பார்க்க மாட்டேன். அதைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை.

வேடம் குறித்த உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இந்த வேடம் ஒரு திசையில் மட்டுமே செல்கிறது. சிவந்த நாயகி வேண்டுமென்றால் சிவந்த பெண்ணைத் தேடுகிறார்கள்; கறுத்த நாயகி வேண்டுமென்றாலோ ஒப்பனைப் பெட்டியைத் திறக்கிறார்கள். இதே கதை மலையாளத்தில் 'கருத்தமுத்து' என்றும், தெலுங்கில் 'கார்த்திக தீபம்' என்றும் வந்தது. இரண்டிலும் நடித்த பிரேமி விஸ்வநாத்தை ஒப்பனை இல்லாமல் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கறுத்த பெண்ணின் கதையிலும் கறுத்த பெண்ணுக்கு இடமில்லை என்றால் அவள் வேறு எந்தக் கதைக்குப் போவாள்? தமிழில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் மாநிறத்தவர் என்பது ஓரளவு ஆறுதல்.

எனினும் ஒப்பனையைவிட என்னை அதிகம் உறுத்துவது கதைதான். 2019இல் தொடங்கியபோது அத்தொடர் நிறத்தை நேராகவே பேசியது. தன் மகளான சிவந்த அஞ்சலியையும் கறுத்த கண்ணம்மாவையும் ஒரே வீட்டில் வைத்து எடைபோட்ட சித்தியும், கறுத்தவர்களைக் கண்டாலே முகம் சுளித்த மாமியார் சௌந்தர்யாவும் நம் வீடுகளில் இருப்பவர்களே. அந்தச் சௌந்தர்யா பின்னர் மருமகளின் பெருந்துணையாக மாறுகிறார். அந்த மாற்றம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது எதனால் நிகழ்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணம்மா பொறுத்தாள், பணிவிடை செய்தாள், வசைகளை விழுங்கினாள். அவளுடைய நிறம் ஒரு குறை என்ற எண்ணம் அப்படியே இருக்க, அக்குறையை மன்னிக்கும் அளவுக்கு அவள் நல்லவள் என்று மெய்ப்பிக்கப்பட்டது. சிவந்த அஞ்சலி நல்லவளாக இல்லாமலேயே அந்த வீட்டில் செல்லமாக இருக்க முடிந்தது. அந்தச் சலுகை கண்ணம்மாவுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

பிறகு நிறமே கதையிலிருந்து நழுவிவிட்டது. தன்னை விரும்பிய வெண்பாவின் சூழ்ச்சியால் தனக்குக் குழந்தை பிறக்காது என்று நம்பிய கண்ணம்மாவின் கணவன் பாரதி மனைவியின் கற்பைச் சந்தேகிக்கிறான். இந்தச் சந்தேகத்துக்கு நாயகி எந்த நிறத்திலும் இருக்கலாம். அவனே ஒரு மருத்துவன், ஒரு டி.என்.ஏ. பரிசோதனையில் தீர்ந்திருக்க வேண்டியதை ஆண்டுக்கணக்கில் இழுத்ததால், நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய தொடர், ஒரு பெண் தன் கற்பை எப்போது நிரூபிப்பாள் என்று காத்திருக்கும் தொடராகச் சுருங்கிப்போயிற்று. எனக்கு இன்றும் கோபம் வருவது இதை நினைத்துத்தான்.

அந்த நடையைப் பற்றி உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கருவுற்றிருந்த ஒரு பெண், யாரையும் கெஞ்சாமல், பையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். 2020இல் அக்காட்சியை மீம்களாக்கிச் சிரித்தவர்கள், அது நாள்கணக்கில் நீண்டதைத்தான் கேலி செய்தோம் என்பார்கள். நீட்டியது தொடரை எடுத்தவர்களின் குற்றம். நடந்தவளின் மானத்துக்கு அதில் குறைவில்லை. அதன் பின் சமையல் வேலை செய்து தன் பிள்ளையை வளர்த்த கண்ணம்மாவும், பிறந்ததும் பிரிந்து பாரதியிடம் வளர்ந்து, அவள் தன் தாய் என்று அறியாமலே அவளைச் "சமையல் அம்மா" என்று அழைத்த ஹேமாவும் வரும் பகுதிகளை நான் விரும்பியே பார்த்தேன்.

ஆகவே உங்கள் மகள் தாராளமாகப் பார்க்கட்டும். பார்க்கும்போது ஒன்றை மட்டும் அவளிடம் கேளுங்கள்: இந்தத் தொடரில் கண்ணம்மாவைத் தவிர வேறு எத்தனை கறுத்த பெண்கள் முக்கியமான பாத்திரங்களில் வருகிறார்கள்? ஒருத்தி மட்டுமே இருப்பதால்தான் அவள் தெய்வமாக இருந்தாக வேண்டியிருக்கிறது. பொறாமைப்படுகிற, வாயாடுகிற, பிழை செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற கறுத்த பெண்களும் கூடவே இருந்திருந்தால், கண்ணம்மாவும் தெய்வமாக இருக்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்காது.

பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. இத்தொடர் டி.ஆர்.பி. பட்டியலில் முன்வரிசையில் நின்றது. 2021இல் ரோஷினி விலகியபோது வந்த வினுஷா தேவியும் மாநிறத்தவர்தான். அவரையும் கண்ணம்மாவாக ஏற்றுக்கொண்டு நீங்கள் தொடர்ந்து பார்த்தீர்கள். உங்களைப் போன்றவர்கள் எப்போதோ ஆயத்தமாகிவிட்டீர்கள். இனி நடிகையரைத் தேர்வு செய்பவர்கள்தான் ஆயத்தமாக வேண்டும். இதையே அந்தத் தொலைக்காட்சிக்கும் ஒரு கடிதமாக எழுதுங்கள். உங்கள் மகள் சொன்னதையும் அவள் சொன்ன சொற்களிலேயே அதில் சேருங்கள்.

அன்புடன்.