டி.சி. வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: என் மகள் குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்து, பத்தாவதில் 461 எடுத்திருக்கிறாள். ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து, பிளஸ் ஒன்னுக்குப் பாதி ஃபீஸ்தான், இந்த வாரமே டி.சி. வாங்கி வாருங்கள் என்கிறார்கள். வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார், கடன் வாங்கியாவது சேர்க்கலாம் என்கிறார். நாத்தனார் பாலிடெக்னிக் போதும் என்கிறார். இவளைக் கேட்டால் 'தெரியலம்மா' என்கிறாள். என் தம்பிக்கு டயாலிசிஸ் செய்தபோது அந்த மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எந்த குரூப் எடுப்பது? இப்போதே லேப்டாப் வாங்க வேண்டுமா?

பதில்: முதல் வேலையாக, டி.சி. வாங்காதீர்கள் அம்மா. வாசல் வரை வந்து கூப்பிடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு உங்கள் பெண்ணின் மார்க் தேவைப்படுகிறது, பிளக்ஸ் பேனரில் போடுவதற்கு. அதில் தப்பில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பாதி ஃபீஸ் மிச்சம் என்று அவர்கள் சொல்லும்போது, அதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீதம் தனி இடம் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் மூலம் பொறியியல் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். கல்லூரியில் படிக்கும்போது அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. கடைசி ரெண்டு வருஷத்துக்குத் தனியாருக்கு மாறினால் 7.5 போயே போச்சு. ஏற்கெனவே ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்தது கணக்கிலேயே வராது.

உங்கள் பள்ளியில் அவளுக்கு வேண்டிய குரூப் இல்லை, இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை என்றால், குடியாத்தத்திலோ காட்பாடியிலோ வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள். அதனால் ஒதுக்கீட்டுக்கு எந்தக் கேடும் இல்லை.

சரி, குரூப். பதினைந்து வயதில் 'தெரியலம்மா' என்பது நேர்மையான பதில், அதற்காக அவளைத் திட்டாதீர்கள். ஆனால் அந்த மெஷின் விஷயத்தை 'அவ்வளவுதான்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே! நாலு மணி நேரம் மாமாவின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து, வடிகட்டியில் கழிவை விட்டுவிட்டு, இன்னொரு குழாயில் உள்ளே போவதைப் பார்த்து, பயப்படாமல் அது எப்படி நடக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கிறது என்றால் அதில் விஷயம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஊரே போகிறோம், டாக்டரும் நர்ஸும்தான் நம் கண்ணில் படுகிறார்கள். டயாலிசிஸ் மெஷினை ஓட்டுபவர், ஸ்கேன் எடுப்பவர், லேபில் ரத்தம் பார்ப்பவர் எல்லாம் அதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்கள்தான். டயாலிசிஸ் டெக்னாலஜியில் பி.எஸ்சி. இருக்கிறது, அதற்கு உயிரியல் வேண்டும். அந்த மெஷினையே வடிவமைக்கிற பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கிற்குக் கணக்கு வேண்டும். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நாலும் உள்ள குரூப் எடுத்தால் இரண்டுக்கும் போகலாம், நர்சிங்கிற்கும் போகலாம், மனசு மாறினால் சி.ஏ.வுக்கோ சட்டத்துக்கோ கூடப் போகலாம். காமர்ஸ் எடுத்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங்கிற்குத் திரும்ப முடியாது. பாரம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் 461 எடுத்தவள் தாங்குவாள். ஒன்று மட்டும் பாருங்கள்: கணக்கு என்றாலே அழுகிற பிள்ளை என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், கணக்கில்லாத அறிவியல் குரூப் போதும்.

நாத்தனார் சொல்வதும் வெறும் பேச்சில்லை. டிப்ளமோ மூன்று வருஷம், முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் உயிரியல் பக்கமே ஆர்வமுள்ள பெண்ணை ஏன் இப்போதே அங்கே அனுப்ப வேண்டும்?

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. சென்னை கிண்டியில் ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். லெதர் டெக்னாலஜி என்றே ஒரு படிப்பு இருக்கிறது. 'என் பொண்ணும் தோல்லயா' என்று முகம் சுளிப்பார், தெரியும். கம்பெனியில் தரம் பார்த்து சரக்கைத் திருப்பி அனுப்புகிற அதிகாரி என்ன படித்தார் என்று ஒரு தடவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறை முடிவதற்குள் சாதி, வருமானச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் வேண்டும். அதற்கு பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், அந்த நேரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் கிடைக்காது. அப்புறம், பள்ளியில் 'நான் முதல்வன்' என்கிற அரசுத் திட்டத்தின் மேற்படிப்பு வழிகாட்டலுக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். அவரிடம் அவளே போய்ப் பேசட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம்.

லேப்டாப் இப்போது வேண்டாம். கடனும் வேண்டாம்.