வேறொரு மாடல் காரின் ஏசியைக் கழற்றி நம் காரில் மாட்ட முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: பழைய கார், ஏசி இல்லாமல் வந்தது. உடைக்கப் போகும் வேறொரு மாடல் கார் கைக்கு வருகிறது, அதில் ஏசி நன்றாக ஓடுகிறது. மொத்தமாகக் கழற்றி இதில் மாட்டிவிட்டால் செலவு மிச்சமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். ஆனால் "அந்தக் கார் ஏசியை இந்தக் காருக்கு மாற்றினேன்" என்று நான் சொல்லிக்கொண்டால் அது முக்கால் பொய். கழற்றி எடுத்து வந்தது ஒரு பெரிய சாக்கு நிறையப் பாகங்கள். கடைசியில் என் காருக்குள் போனது காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் பெட்டி, அதோடு ஒட்டிய, காற்றை ஊதும் ப்ளோயர், டேஷ்போர்டு ஸ்விட்ச், அவ்வளவுதான். மற்றதெல்லாம் புதிதாகவோ வேறு இடத்திலிருந்தோ வந்தவை.

முதலில் நான் செய்த தப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் என்பது கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்; இன்ஜின்தான் பெல்ட் வழியாக அதைச் சுற்றும். அந்தக் காரின் கம்ப்ரஸரும் என் இன்ஜினுக்கு வரும் கம்ப்ரஸரும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. அதனால் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். கம்ப்ரஸர் எங்கே உட்காருகிறது என்பதை யோசிக்கவே இல்லை. அது இன்ஜினில் ஒரு பிராக்கெட்டில், அதாவது தாங்கும் இரும்புச் சட்டத்தில், உட்காருகிறது, அந்த பிராக்கெட் அந்த இன்ஜின் பிளாக்கின் போல்ட் துளைகளுக்கென்றே வார்த்தது. இன்ஜின் வேறு என்றால் பிராக்கெட் உதவாது. நான் ஒரு பிளேட்டை வெட்டி வெல்ட் செய்து ஒப்பேற்றினேன். மாட்டி முடித்து, இன்ஜின் சுழற்றும் கிராங்க் புல்லி மேலும் கம்ப்ரஸர் புல்லி மேலும் சேர்த்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். போகட்டும், பெல்ட் தானாகப் பழகிக்கொள்ளும் என்று விட்டேன். இரண்டே நாளில் காலையில் ஸ்டார்ட் செய்தால் குருவி கத்துவது போலச் சத்தம். பானட்டைத் திறந்தால் பிராக்கெட் முழுக்கக் கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி. பெல்ட் ஒரு ஓரமாகத் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. அநேகமாக எல்லா இன்ஜினும் ஏதாவது ஒரு மாடலில் ஏசியோடு விற்கப்பட்டிருக்கும். உங்கள் இன்ஜின் அதே குடும்பத்தில் எந்தக் காரில் ஏசியோடு வந்தது என்று தேடுங்கள். பிராக்கெட், கம்ப்ரஸர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கிராங்க் புல்லி நான்கையும் அந்தக் காரிலிருந்து எடுங்கள். ஏசி இல்லாத காரின் கிராங்க் புல்லியில் ஏசி பெல்ட்டுக்கான தடமே பெரும்பாலும் இருக்காது என்பதையும் பலர் மறந்துவிடுவார்கள். இன்ஜின் பக்கத்துப் பாகங்கள் உங்கள் இன்ஜினின் உறவிலிருந்து, கேபின் பக்கத்துப் பாகங்கள் எங்கே பொருந்துகிறதோ அங்கிருந்து. நடுவில் போகும் பைப் எல்லாம் புதிது. என் அனுபவத்தில் இதுதான் வேலை செய்யும் வழி.

கம்ப்ரஸர் வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். பழைய வகையில் முன்னால் ஒரு மேக்னெட் கிளட்ச் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் "டக்" என்று ஒட்டும், எடுத்தால் விடும். அது எந்தக் காரிலும் ஒரு ரிலேயை வைத்து ஓட்டக்கூடியது. பிற்பாடு வந்த பல கார்களில் கிளட்சே இல்லை. புல்லி எப்போதும் சுற்றும், உள்ளே பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை ஒரு எலக்ட்ரானிக் வால்வ் தீர்மானிக்கும், அந்த வால்வுக்குக் காரின் கம்ப்யூட்டர் சிக்னல் தர வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், குளிர்ச்சி வராது. பழைய காருக்கு அதைத் தொடாதீர்கள். ஹைபிரிட் அல்லது எலக்ட்ரிக் காரின் கம்ப்ரஸர் பக்கமே போக வேண்டாம். அது உயர் வோல்டேஜில் ஓடும் மோட்டார், விளையாட்டில்லை.

கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இடத்தை அளந்து, அதற்குள் அடங்கும் பெரிய சைஸில் புதிதாகவே வாங்கிவிடுங்கள். நான் எடுத்து வந்தது நான்கு சென்டிமீட்டர் அகலம் கூடுதல், உள்ளே அடங்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். பழைய கம்ப்ரஸர் எப்போதாவது உள்ளே தேய்ந்திருந்தால் அந்த உலோகப் பொடி கண்டென்சரின் மெல்லிய வழிகளில் போய் அடைத்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. பிறகு அதுவே உங்கள் கம்ப்ரஸரைத் தின்னும். ஒரு எலக்ட்ரிக் ஃபேனும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சியும் போகும், இன்ஜினும் சூடாகும்.

டிரையரையும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் பழையதிலிருந்து எடுக்கவே கூடாது. டிரையருக்குள் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள். சிஸ்டத்தைத் திறந்த நிமிடத்திலிருந்து அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும். கம்ப்ரஸர் ஆயிலும் அப்படியே. நான் கழற்றிய பாகங்களைப் பைப் வாய்களை மூடாமல் மூன்று வாரம் ஷெட்டில் போட்டு வைத்திருந்தேன். ஈரம், ஆயில், கேஸ் மூன்றும் சேர்ந்தால் உள்ளே அமிலம் உண்டாகும். அந்தக் கம்ப்ரஸரை வடித்துப் பார்த்தபோது ஆயில் கறுத்துப் போயிருந்தது. அதற்குமேல் அதை நம்ப மனம் வரவில்லை. ஆகவே கழற்றுகிற அன்றே ஒவ்வொரு வாயையும் மூடியோ பிளாஸ்டிக் சுற்றி டேப் அடித்தோ அடைத்துவிடுங்கள்.

அடுத்து, ஏசிக்குள் சுற்றிக் குளிர்ச்சி தரும் கேஸ். ரொம்பப் பழைய கார்களில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது படிப்படியாக நின்று, 1990களில் ஆர்-134ஏ வந்தது. இப்போது பல புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப். ஆர்-12க்கு மினரல் ஆயில், ஆர்-134ஏக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற செயற்கை ஆயில். மினரல் ஆயில் ஆர்-134ஏவோடு கலக்காது, அதனால் ஆயில் கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆர்-1234ஒய்எஃப் கொஞ்சம் தீப்பற்றக்கூடியது, கேஸ் ஏற்றும் அதன் சர்வீஸ் வாயும் வேறு அளவு. வெவ்வேறு காலத்துப் பாகங்களைக் கலக்கும்போது எந்த கேஸ் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, ஆயில், டிரையர், ஹோஸ் எல்லாவற்றையும் அதற்கேற்ப வாங்குங்கள். கழற்றும் காரில் இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். கேஸை இழுத்துப் பிடிக்கும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் இழுத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

எல்லாம் மாட்டியபின் வேக்குவம், அதாவது உள்ளே இருப்பதைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால். காற்றை எடுப்பது மட்டும் அதன் வேலை கிடையாது. நல்ல வேக்குவத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும், ஈரத்தை விரட்ட வேறு வழி இல்லை. பம்பை நிறுத்திவிட்டு கேஜ் முள் அசைகிறதா என்று ஒரு கால் மணி நேரம் பாருங்கள். அசைந்தால் எங்கோ கசிவு.

எவ்வளவு கேஸ் அடிப்பது என்பதுதான் சிக்கல். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் 500 கிராம் என்று போட்டிருந்தாலும் அது அந்தக் காரின் கண்டென்சருக்கும் அந்தக் காரின் பைப் நீளத்துக்கும் சொன்ன கணக்கு. நீங்கள் கட்டியிருப்பதற்கு லேபிள் கிடையாது. நான் குறைவாக ஆரம்பித்து, ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றி, காற்று வரும் வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆர்-134ஏ, வெளியே 30 டிகிரி வாக்கில் என்றால் குறைந்த அழுத்தப் பக்கம் சுமார் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 வரை. காற்றின் குளிர்ச்சி கூடுவது நின்று உயர் அழுத்தம் மட்டும் ஏறினால் அத்தோடு நிறுத்த வேண்டும். குறைந்த அழுத்தம் 28க்குக் கீழே போனால் காயிலுக்குள் கேஸ் கொதிப்பது 0 டிகிரிக்குக் கீழே என்று அர்த்தம், மேலே படியும் தண்ணீர் ஐஸாகிக் காற்று வழியை அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் காயிலில் ஒரு தெர்மோஸ்டாட் செருகியிருக்கிறது. அதையும், அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சையும் "பிறகு பார்த்துக்கலாம்" என்று நேராக ஒயரைச் சேர்த்து ஓட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

செலவு மிச்சமா என்றால், எனக்கு ஆகவில்லை. உங்கள் காருக்கென்றே முழு கிட் கிடைக்குமானால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். ஏசி உள்ள காரும் உங்கள் காரும் ஒரே இன்ஜின், ஒரே டேஷ்போர்டு என்றால் மாற்றுவது நியாயமான வேலை. இரண்டும் வேறு என்றால், கையால் செய்து பார்க்கும் ஆசை இருப்பவர்கள் மட்டும் இறங்கலாம்.

விட்டுப்போன ஒன்று. முதல் நாள் காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினேன். இறங்கும்போது இடது பக்கக் காலடி மேட் தொப்பலாக நனைந்திருந்தது. ஹீட்டர் காயில் உடைந்ததோ என்று பதறி, டேஷ்போர்டைப் பாதி கழற்றிவிட்டேன். விஷயம் என்னவென்றால், கூலிங் காயில் பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு வாய் இருக்கிறது, அது இன்ஜின் பக்கத்தையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வால் வழியாக வெளியே போக வேண்டும். என் காரில் அந்த இடத்தில் துளையே கிடையாது. நான் போடவும் இல்லை.